கண்டெய்னர் கருவி தகராறு செய்யும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கண்டெய்னர்களை (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகளை) டெர்மினலிலிருந்து கையாள ஒரு சிறிய கட்டளைக் கருவியை கோ மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். பட்டியல் காட்டுவது, லாக் பார்ப்பது, நிறுத்துவது, உள்ளே நுழைவது, தேவையில்லாததைத் துடைப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. வந்து சேரும் புகார்களில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது: பிழைச்செய்தி வரும் இடம் ஒன்று, பிழை இருக்கும் இடம் வேறொன்று.

காரணம் எளிது. நீங்கள் அடிக்கும் கட்டளை நேராகக் கண்டெய்னரைத் தொடுவதில்லை. கருவி ஒரு சாக்கெட் (நிரல்கள் தமக்குள் பேசும் வாயில்) வழியாக டாக்கர் டீமனுக்கு, அதாவது கண்டெய்னர்களை நிர்வகித்தபடி பின்னணியில் ஓடும் நிரலுக்கு, எச்டிடிபி கோரிக்கை அனுப்புகிறது. டீமன் கண்டெய்னர்டி என்ற துணை நிரலிடம் சொல்கிறது, அது ரன்சி என்ற இன்னொன்றை அழைக்கிறது, ரன்சி இயங்குதளத்தின் மையமான கர்னலிடம், தனிமைப்படுத்தும் நேம்ஸ்பேஸும் வளங்களுக்கு வரம்பிடும் சிகுரூப்பும் கேட்டு வாங்கி ப்ராசஸைத் தொடங்கிவிட்டு விலகிக்கொள்கிறது. இத்தனை கை மாறி வரும் பதில், கடைசியில் கருவியின் வாயிலிருந்து ஒற்றை வரியாக வருகிறது. எந்தக் கையில் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பயன்படுத்துபவர் செய்ய வேண்டியதும், தேவைப்படும் இடங்களில் அதே கோளாறு மறுபடி வராமலிருக்கக் கருவியின் நிரலில் செய்ய வேண்டியதும் இருக்கும். கட்டளைகளை உச்சரிப்பாகவே எழுதியுள்ளேன். டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை: டாக்கர் வெர்ஷன் கட்டளையை ஓட்டுங்கள். கிளையன்ட், சர்வர் என்று இரண்டு பகுதி வர வேண்டும். சர்வர் பகுதி வராவிட்டால் இணைப்பில் சிக்கல். மற்ற அறிகுறிகளைப் பார்க்கவே வேண்டாம், கீழே வரும் முதல் அறிகுறியோடு நின்றுகொள்ளுங்கள். இரண்டும் வந்தால் மேலே போகலாம்.

## "டீமனுடன் இணைய முடியவில்லை"

டீமன் ஓடுகிறதா என்று சிஸ்டம்கன்ட்ரோல் ஸ்டேட்டஸில் பாருங்கள். ஓடவில்லையென்றால் ஜர்னல்கன்ட்ரோலில் டாக்கர் சேவையின் கடைசி வரிகளைப் படியுங்கள். டீமனின் அமைப்புக் கோப்பான டீமன்.ஜேசனில் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்தாலே டீமன் எழுந்திருக்காது.

ஓடுகிறது, ஆனால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறதா? சாக்கெட் கோப்பு ரூட் என்ற முழு அதிகாரப் பயனருக்கும் டாக்கர் என்ற குழுவுக்கும் மட்டுமே திறந்திருக்கும். உங்கள் பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். ஆனால் சேர்த்த உடனே வேலை செய்யாது. வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும், அல்லது நியூகுரூப் கட்டளையால் அந்த டெர்மினலுக்கு மட்டும் புதுக் குழுவை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும்: டாக்கர் குழுவில் இருப்பவர் கணினியின் முழுக் கோப்பமைப்பையும் ஒரு கண்டெய்னருக்குள் மவுன்ட் செய்துகொள்ள முடியும். ரூட் அதிகாரம் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பலர் புழங்கும் சர்வரில் யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்தது, என்னிடம் வந்ததிலேயே பயனரை அதிகம் குழப்பிய வகை: "டாக்கர் பிஎஸ் நன்றாக ஓடுகிறது, உங்கள் கருவி மட்டும் இணைய மாட்டேன் என்கிறது." (பிஎஸ் என்பது கண்டெய்னர்களைப் பட்டியலிடும் கட்டளை.) இதில் தவறு முழுக்க என் நிரலில்தான் இருந்தது. டாக்கரின் சொந்தக் கருவி எங்கே இணைவது என்பதைப் படிப்படியாகத் தேடுகிறது: கட்டளையில் கொடுத்த முகவரி, டாக்கர் ஹோஸ்ட் என்ற சூழல் மாறி, தேர்ந்தெடுத்திருக்கும் கான்டெக்ஸ்ட் (எந்த டீமனோடு பேசுவது என்று சேமித்துவைத்த அமைப்பு), எதுவுமில்லையென்றால் வழக்கமான சாக்கெட். கோ கிளையன்ட் நூலகத்தில் சூழலிலிருந்து அமைப்புகளை எடுக்கும் வசதி சூழல் மாறிகளை மட்டும்தான் படிக்கும், கான்டெக்ஸ்டைப் பார்க்காது. ரூட் அதிகாரமின்றி ஓடும் ரூட்லெஸ் டாக்கர், மேக்கில் ஓடும் டாக்கர் டெஸ்க்டாப் போன்றவற்றில் சாக்கெட் அந்தப் பயனருக்கென்று உள்ள அடைவில் இருக்கும்; கான்டெக்ஸ்ட்தான் அந்த இடத்தைச் சொல்கிறது. அதைப் படிக்காத கருவி, இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பயனருக்கு உடனடி வழி: டாக்கர் கான்டெக்ஸ்ட் எல்எஸ் கட்டளையில் நட்சத்திரக் குறி இட்ட வரியின் முகவரியை எடுத்து டாக்கர் ஹோஸ்ட் மாறியில் வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த மாறியை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை கான்டெக்ஸ்டை மாற்றினாலும் பலிக்காது, அது தனியொரு புகாராக வரும். நிரலில் செய்ய வேண்டியது: பயனர் அடைவிலுள்ள டாக்கர் கான்ஃபிக் கோப்பில் நடப்புக் கான்டெக்ஸ்டைப் படித்து, அதே வரிசையில் தேடுவது. அப்புறம், பிழைச்செய்தியில் எந்த முகவரியை முயன்றோம், அந்த முகவரி எங்கிருந்து கிடைத்தது என்ற இரண்டையும் எழுதுவது. இந்த இரண்டாவது மாற்றம் ஐந்தாறு வரிதான். அதற்குப் பிறகு இந்த வகைப் புகாரைப் பயனர்களே படித்துத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

டாக்கருக்கு மாற்றான பாட்மேன் வைத்திருப்பவர்களுக்கு: அதில் நிரந்தர டீமன் இல்லை, ஆகவே தானாகச் சாக்கெட்டும் இருக்காது. பாட்மேன்.சாக்கெட் யூனிட்டைப் பயனர் அளவில் இயக்கிவிட்டு, அதன் முகவரியை டாக்கர் ஹோஸ்டில் கொடுங்கள்.

## "நேற்றுவரை ஓடியது, இன்று கிளையன்ட் பதிப்பு பழையது என்கிறது"

டீமனைப் புதுப்பித்திருப்பீர்கள். டாக்கர் எஞ்சினின் ஏபிஐக்கு, அதாவது கருவிகள் டீமனோடு பேசும் முறைக்கு, தனிப் பதிப்பு எண் உண்டு. 2025 நவம்பரில் வந்த எஞ்சின் 29, ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்ச ஏபிஐ பதிப்பை 1.44 ஆக உயர்த்தியது. அதற்கு முன் 1.24 வரை பொறுத்துக்கொண்டது. பழைய எண்ணை நிரலில் ஆணியடித்தாற்போல எழுதி வைத்திருந்த கருவிகள் ஒரே அப்டேட்டில் நின்றுபோயின.

பயனராக இருந்தால் கருவியைப் புதுப்பியுங்கள். புதுப் பதிப்பு வரும்வரை தாக்குப்பிடிக்க, டீமனின் அமைப்பில் குறைந்தபட்ச ஏபிஐ பதிப்பைத் தற்காலிகமாகக் கீழே இறக்கலாம். பராமரிப்பவராக இருந்தால் எண்ணை எழுதவே எழுதாதீர்கள். பிங் என்ற முகவரிக்குப் பதிப்பு எண் சேர்க்காமல் கோரிக்கை அனுப்பினால், பதில் தலைப்பில் டீமன் தன் ஏபிஐ பதிப்பைச் சொல்லும். உங்களுடையது, அதனுடையது இரண்டில் சிறியதை எடுத்துப் பேசுங்கள். கிளையன்ட் நூலகத்தில் இதற்குத் தயார் வசதி இருக்கிறது, இயக்கினால் போதும்.

## "லாக் வரிகளுக்கு முன்னால் கிறுக்கல் எழுத்துகள்"

ஒரு பயனர் தன் லாக்கில் சில வரிகள் டாலர் குறியோடும், சில வரிகள் ஹேஷ் குறியோடும் தொடங்குவதாகவும், சில இடங்களில் காரணமில்லாமல் வெற்று வரி விழுவதாகவும் எழுதியிருந்தார். அவருடைய செயலியில் எழுத்துக் குறியாக்கப் பிழை என்றே முதலில் நினைத்தேன். இல்லை.

கண்டெய்னரை டிடிஒய் (போலி டெர்மினல்) இல்லாமல் தொடங்கியிருந்தால், டீமன் வழக்கமான வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் ஒரே ஓடையில் கலந்து அனுப்புகிறது. எது எதுவென்று பிரிக்க, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட் தலைப்பு வைக்கிறது. முதல் பைட் எந்த ஓடை என்பது: 1 என்றால் வழக்கமான வெளியீடு, 2 என்றால் பிழை வெளியீடு. அடுத்த 3 பைட்டும் பூஜ்யம். கடைசி 4 பைட் துண்டின் நீளம், பெரிய மதிப்பு முன்னால் வரும் வரிசையில். இந்தத் தலைப்பைப் பிரிக்காமல் அப்படியே திரையில் கொட்டினால் நீளத்தின் கடைசி பைட் எழுத்தாகத் தெரியும். 36 பைட் துண்டுக்கு டாலர் குறி, 35 பைட்டுக்கு ஹேஷ் குறி. நீளம் 10 ஆக இருந்தால் அது புதுவரிக் குறி. வெற்று வரி விழுந்ததன் காரணமும் அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் அனுப்பிய ஒவ்வொரு வரியும் சரியாகப் பொருந்தியது.

சரி, எப்போதும் தலைப்பைப் பிரித்துவிடலாமா? கூடாது. டிடிஒய் உடன் தொடங்கிய கண்டெய்னருக்குத் தலைப்பே கிடையாது, ஓடை வெறுமையாக வரும். அங்கே பிரிக்கப்போனால் உரையின் எழுத்துகளையே நீளம் என்று எடுத்துக்கொண்டு, கோடிக்கணக்கான பைட்டுக்குக் கருவி காத்து நிற்கும். பயனர் கண்ணுக்கு அது "லாக்ஸ் கட்டளை உறைந்துவிட்டது" என்ற வேறு நோயாகத் தெரியும். ஆகவே முதலில் கண்டெய்னரின் விவரங்களைக் காட்டும் இன்ஸ்பெக்டை ஓட்டி, கான்ஃபிக் பகுதியில் டிடிஒய் உண்மையா பொய்யா என்று பார்த்த பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிக்கும் வேலையை நூலகத்தின் எஸ்டிடிகாப்பியிடம் விட்டுவிடுங்கள். நீங்களே எழுதுவதாக இருந்தால், 8 பைட்டும் ஒரே வாசிப்பில் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பாதி தலைப்பு இப்போது வரும், மீதி அடுத்த வாசிப்பில் வரும். முழுதாக வரும்வரை வாசிக்கும் சார்பைப் பயன்படுத்துங்கள். உள்ளூர்ச் சாக்கெட்டில் நன்றாக ஓடிய நிரல் தொலைவிலிருக்கும் சர்வரில் மட்டும் உடைந்தால், முதலில் இந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

## "லாக்கைத் தொடர்ந்து பார்த்தால், சரியாக 30 விநாடியில் அறுந்துபோகிறது"

வலைப்பிணையத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அறுந்தால் அது யாரோ வைத்த காலக்கெடு. கோ மொழியின் எச்டிடிபி கிளையன்டில் டைம்அவுட் என்று ஒரு மதிப்பு உண்டு. அது பதிலின் உடலை வாசிக்கும் நேரத்தையும் சேர்த்தே எண்ணும். தொடர்ந்து ஓடும் லாக், ஈவன்ட்ஸ், அட்டாச் எல்லாமே அந்தக் கெடுவில் வெட்டுப்படும். இணைப்பு ஏற்படுத்த மட்டும் கெடு வையுங்கள், மற்றதை அந்தந்தக் கட்டளைக்குரிய கோ மொழிக் கான்டெக்ஸ்டில் (மேலே சொன்ன டாக்கர் கான்டெக்ஸ்ட் அல்ல) தனித்தனியாகக் கொடுங்கள். நிறுத்தும் கட்டளையிலும் இதே பொறி உண்டு. கண்டெய்னருக்கு 60 விநாடி அவகாசம் கேட்டுவிட்டுக் கருவி 30 விநாடியில் பொறுமை இழந்தால், கண்டெய்னர் ஒழுங்காக நின்றிருக்கும், பயனருக்கோ பிழை காட்டியிருப்போம்.

## "லாக்கில் எதுவுமே வரவில்லை"

செயலி கோப்பில் எழுதுகிறதா என்று பாருங்கள். டாக்கர் எடுப்பது முதன்மை ப்ராசஸின் இரண்டு வெளியீட்டு ஓடைகளை மட்டுமே. பைத்தான் என்றால் டெர்மினல் இல்லாதபோது வெளியீட்டைத் தேக்கிவைத்து மொத்தமாகத்தான் விடும். பைத்தான் அன்பஃபர்ட் சூழல் மாறிக்கு 1 கொடுங்கள்.

## "ஸ்டாப் அடித்தால் ஒவ்வொரு முறையும் 10 விநாடி ஆகிறது"

இதை யாரும் பிழையாகப் பதிவதே இல்லை. பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதற்குள் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது: அந்த 10 விநாடிக்குப் பிறகு உங்கள் செயலி நிற்கவில்லை, கொல்லப்படுகிறது. பாதியில் இருந்த எழுத்து, மூடாத தரவுத்தள இணைப்பு எல்லாம் அப்படியே விடப்படும்.

நடப்பது இதுதான். ஸ்டாப் கட்டளை முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்று கேட்கும்) சிக்னல் அனுப்பி, இயல்பாக 10 விநாடி காத்திருந்து, அப்போதும் நிற்காவிட்டால் சிக்கில் (உடனே கொல்லும்) சிக்னல் அனுப்பும். கண்டெய்னருக்குள் முதன்மை ப்ராசஸின் எண் 1. சாதாரண ப்ராசஸ் ஒன்று சிக்டெர்மைக் கையாள எதுவும் எழுதாவிட்டாலும் கர்னல் அதை முடித்துவைக்கும். எண் 1 ப்ராசஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது தானாக ஏற்பாடு செய்துகொள்ளாத சிக்னல் அதன்மேல் பலிக்காது.

எங்கே பிசகுகிறது என்று மூன்று இடத்தில் பாருங்கள். கண்டெய்னரின் அச்சான இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில், ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொல்லும் சிஎம்டி வரியைச் சதுர அடைப்புக்குறியும் மேற்கோள் குறியுமாக எழுதாமல் வெறும் வாக்கியமாக எழுதியிருந்தால், ஒரு ஷெல் முளைத்து எண் 1 ஆக உட்கார்ந்துகொள்ளலாம்; அது சிக்னலைக் கீழே கடத்தாது. கண்டெய்னர் தொடங்கியதும் ஓடும் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட் இருந்தால், கடைசி வரியில் செயலியின் பெயருக்கு முன் எக்ஸெக் இருக்க வேண்டும், அப்போதுதான் ஷெல் தன் இடத்தைச் செயலிக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இரண்டும் சரியாக இருந்தும் நிற்கவில்லையென்றால் செயலியே சிக்டெர்மைக் கவனிக்கவில்லை; அதில் கையாளும் நிரல் எழுதுங்கள். உங்களால் மாற்ற முடியாத செயலி என்றால் ரன் கட்டளையில் இனிட் ஆப்ஷன் கொடுங்கள். ஒரு சின்ன ப்ராசஸ் எண் 1 ஆக நின்று சிக்னல்களைக் கடத்தும், அனாதையான ப்ராசஸ்களையும் அடக்கம் செய்யும்.

எங்கள் கருவியில் இதற்காக ஒரு மாற்றம் செய்தோம். நிறுத்தியபின் வெளியேறும் குறியீட்டைப் பார்த்து, அது 137 ஆக இருந்தால் "அவகாசம் முடிந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரி காட்டுகிறோம். பல வருடமாக ஓடும் கண்டெய்னர்களில்கூட அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் என்ட்ரிபாயின்ட்டைத் திருத்தினார்கள்.

## "தொடங்கியதும் செத்துவிடுகிறது"

பிஎஸ் கட்டளையில் ஆல் ஆப்ஷன் சேர்த்துக் குறியீட்டைப் பாருங்கள். 0 என்றால் யாரும் கொல்லவில்லை, முதன்மை ப்ராசஸ் வேலையை முடித்துக்கொண்டது; பெரும்பாலும் செயலி தன்னைப் பின்னணிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், அதை முன்னணியில் ஓடச் சொல்லுங்கள். 125 என்றால் டாக்கரே மறுத்துவிட்டது, ஆப்ஷன்களைப் பாருங்கள். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதியில்லை. 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. 128க்கு மேல் வந்தால் 128ஐக் கழியுங்கள், மிஞ்சுவது சிக்னல் எண்: 139 நினைவக மீறல், 143 சிக்டெர்ம், 137 சிக்கில்.

137ஐப் பார்த்ததும் "மெமரி போதவில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மேலே சொன்ன ஸ்டாப் கதையிலும் அதே எண்தான் வரும். இன்ஸ்பெக்டில் ஸ்டேட் பகுதியில் ஓஓஎம்கில்ட் (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டது) என்ற விவரம் உண்மை என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகு வரம்பை உயர்த்துங்கள்.

"கோப்பு இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது" என்ற கேள்வியும் இங்கேதான் வரும். இல்லாதது உங்கள் கோப்பு அல்ல, அதை ஓட்டவேண்டிய நிரல். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டின் முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு, ஷெல்லின் பெயரே மாறிப்போயிருக்கும். வரி முடிவுகளை லினக்ஸ் முறைக்கு மாற்றுங்கள், கிட் அமைப்பிலும் பதிந்துவிடுங்கள். ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தை நம்பிக் கட்டிய நிரலை, அதற்கு மாற்றான மசல் மட்டும் இருக்கும் ஆல்பைன் லினக்ஸ் இமேஜில் வைத்தாலும் இதே செய்திதான். எக்ஸெக் ஃபார்மேட் பிழை என்று வந்தால் அது வேறு: ஆர்ம் கணினியில் இன்டெல் இமேஜ், அல்லது நேர்மாறு.

## "கருவி முடிந்ததும் டெர்மினலில் அடிப்பது தெரியவில்லை"

அவசரத்துக்கு எஸ்டிடிஒய் சேன் என்று, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அடித்து என்டர் தட்டுங்கள், திரும்பிவிடும்.

கண்டெய்னருக்குள் நுழையும்போது கருவி டெர்மினலை ரா நிலைக்கு (விசைகளை அப்படியே உள்ளே கடத்தும் நிலைக்கு) மாற்றுகிறது, வெளியே வரும்போது பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பும் வரியை, சார்பு முடியும்போது தானாக ஓடும்படி டிஃபர் போட்டு எழுதியிருந்தேன், ஆகவே நிம்மதியாக இருந்தேன். பிழை வந்த வழியில் மட்டும் டெர்மினல் கெட்டது. காரணம்: ஓஎஸ் எக்ஸிட் அழைத்தால் கோ மொழியில் டிஃபர் எதுவும் ஓடாது. பிழையை எழுதிவிட்டு வெளியேறும் லாக் ஃபேட்டல் உள்ளுக்குள் ஓஎஸ் எக்ஸிட்டைத்தான் அழைக்கிறது. ஆழத்திலிருந்த ஒவ்வொரு ஃபேட்டலையும் எடுத்துவிட்டு, பிழையை மேலே திருப்பி அனுப்பி, மெயினில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெளியேறும்படி மாற்றினேன். இரண்டு மாலை எடுத்தது. இதே மாற்றம், எல்லாப் பிழைக்கும் 1 என்றே வெளியேறிக்கொண்டிருந்த இன்னொரு குறையையும் சேர்த்துத் தீர்த்தது.

## "கையால் அடித்தால் ஓடுகிறது, ஸ்கிரிப்டில் ஓடவில்லை"

உள்ளீட்டுச் சாதனம் டிடிஒய் அல்ல என்று வந்தால், க்ரான் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை), சிஐ (தானியங்கிச் சோதனை) போன்ற இடங்களில் டெர்மினல் இல்லாதபோது, டெர்மினல் கேட்கும் டி ஆப்ஷன் கொடுத்திருக்கிறீர்கள். உள்ளீட்டைத் திறந்துவைக்கும் ஐ மட்டும் போதும், டியை எடுங்கள். வெளியீட்டு அட்டவணையை நெடுவரிசை எண்ணி வெட்டியெடுக்காதீர்கள், ஃபார்மேட் ஆப்ஷனில் ஜேசன் கேளுங்கள். பராமரிப்பவர்கள் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா குழாய்க்குப் போகிறதா என்று பார்த்து, குழாய் என்றால் நிறத்தையும் சுழலும் குறியையும் நிறுத்த வேண்டும்.

முடிந்தவுடன் தன்னை நீக்கிக்கொள்ளும் கண்டெய்னரின் வெளியேறும் குறியீடு சில சமயம் கிடைக்காமல், கண்டெய்னரே இல்லை என்று வருகிறதா? தொடங்கிய பிறகு வெய்ட் கோரிக்கை அனுப்பினால், ஒரு நொடியில் முடியும் வேலை அதற்குள் மறைந்திருக்கும். தொடங்கும் முன்னரே, அடுத்த முறை வெளியேறும்வரை என்ற நிபந்தனையோடு வெய்ட் அனுப்பிக் காத்திருங்கள்.

## "வட்டு நிரம்பிவிட்டது"

டாக்கர் சிஸ்டம் டிஎஃப் ஓட்டி, இடத்தைப் பிடித்திருப்பது இமேஜ், கண்டெய்னர், வால்யூம் (கண்டெய்னரின் தரவுச் சேமிப்பு), பில்ட் கேஷ் எதுவென்று பாருங்கள். அங்கே கணக்கு ஒத்துவராமல் வட்டு மட்டும் நிரம்பியிருந்தால் லாக் கோப்புகளைச் சந்தேகியுங்கள். இயல்பான ஜேசன் லாக் டிரைவருக்கு அளவு வரம்பே கிடையாது. டீமன்.ஜேசனில் அதிகபட்ச அளவும் கோப்பு எண்ணிக்கையும் கொடுங்கள், அல்லது தானாகச் சுழற்றும் லோக்கல் டிரைவருக்கு மாறுங்கள். இந்த மாற்றம் புதிதாக உருவாக்கும் கண்டெய்னர்களுக்கு மட்டுமே. பழையதை நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும், ரீஸ்டார்ட் போதாது. லாக் கோப்பைக் கையால் அழித்தால் இடம் திரும்பாது, டீமன் அதைத் திறந்தே வைத்திருக்கும்.

தேவையில்லாததைத் துடைக்கும் ப்ரூன் கட்டளையை அவசரத்தில் அடிக்க வேண்டாம், குறிப்பாக வால்யூம் ஆப்ஷனோடு. நின்றுபோன கண்டெய்னரை அது முதலில் நீக்கும், அதன் பிறகு அதன் வால்யூமை யாரும் பயன்படுத்தவில்லை என்றாகிவிடும். எங்கள் கருவியில் அழிப்பதற்கு முன் ஒவ்வொரு வால்யூமின் பெயரையும் காட்டி, ஆம் என்று முழுதாக அடிக்கச் சொல்கிறோம். ஒருவருடைய தரவுத்தளம் போனபிறகு மன்னிப்புக் கேட்பதில் பயனில்லை.

## "போர்ட் திறந்திருக்கிறது, பதில் வரவில்லை"

கண்டெய்னருக்குள் செயலி 127.0.0.1 இல் (தன் உள்முகவரியில்) மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். 0.0.0.0 க்கு (எல்லா முகவரிக்கும்) மாற்றுங்கள். நேர்மாறான சிக்கல்: யுஎஃப்டபிள்யூ தீச்சுவரில் மூடிய போர்ட் வெளியிலிருந்து திறக்கிறது. கர்னலின் ஐபிடேபிள்ஸ் வடிகட்டி விதிகளை டாக்கர் நேரடியாக எழுதுவதால் அப்படி. உள்ளூருக்கு மட்டும் வேண்டுமென்றால் போர்ட் எண்ணுக்கு முன் 127.0.0.1 சேர்த்தே வெளியிடுங்கள். ஒரு கண்டெய்னர் இன்னொன்றைப் பெயரால் கண்டுபிடிக்காவிட்டால் இரண்டும் டாக்கரின் இயல்பு நெட்வொர்க்கான பிரிட்ஜில் இருக்கும். பெயர்த் தேடல் நீங்களே உருவாக்கிய நெட்வொர்க்கில்தான் வேலை செய்யும்.

இதில் எதிலும் அடங்காமல் புகார் பதிய வந்தால், இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்: டாக்கர் வெர்ஷனின் இரண்டு பகுதியும், கான்டெக்ஸ்ட் எல்எஸ் வெளியீடு, அந்தக் கண்டெய்னரின் இன்ஸ்பெக்டில் ஸ்டேட் பகுதி, அதே நேரத்தில் டீமன் ஜர்னலில் விழுந்த வரிகள். இன்ஸ்பெக்டை முழுதாக ஒட்டாதீர்கள், சூழல் மாறிகளில் கடவுச்சொல் இருக்கும்.